விருத்தாம்பாளின் தவலை

வல்லம்படுகைக்குப் போய்த் திருநாவுக்கரசு வீடு எது என்று கேட்டால் எந்தத் திருநாவுக்கரசு என்று திருப்பிக் கேட்பார்கள். கொடிக்கால் திருநாவுக்கரசு என்றால் போதும், வேலையை விட்டுவிட்டு வந்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். கொடுமை என்னவென்றால், அந்த மனிதர் வெற்றிலைக் கொடிக்காலை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் நீலச் சட்டையும் கறுப்பு பூட்ஸும் போட்டுக்கொண்டு, வருகிற லாரிக்கெல்லாம் கேட்டைத் திறந்து மூடுகிறார். ஊருக்கு இது தெரியாமல் இல்லை. ஒட்டிய பெயரை உரித்தெடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

பயிர்களிலேயே பெரிய தொட்டாச்சிணுங்கி வெற்றிலைக் கொடிதான். வெயில் கொஞ்சம் ஏறினால் முகம் சுருங்கும். நிழல் கூடிப்போனால் இலை மெலியும். தினமும் தண்ணீர் கேட்கும். அதே தண்ணீர் காலடியில் தேங்கிவிட்டால் வேர் அழுகிச் செத்துப்போகும். அகத்தியை விதைத்து, அது ஆள் உயரம் வந்த பிறகு அதன் மேல் கொடியை ஏற்றி, கோரையால் அலுங்காமல் கட்டி, வளர்ந்ததை இறக்கி மண்ணில் பதித்து, மறுபடி ஏற்றிக் கட்டி, பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இத்தனை பார்க்க மாட்டார்கள். போதாததற்கு ஆசாரம் வேறு. கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு போகக்கூடாது. குளிக்காமல் போகக்கூடாது. பெண்கள் வீட்டுக்குத் தூரமான நாட்களில் வரப்பைக்கூட மிதிக்கக்கூடாது. ஊரில் பாதிப் பேர் இதையெல்லாம் எப்போதோ காற்றில் பறக்கவிட்டாயிற்று.

திருநாவுக்கரசு விடவில்லை. அரை ஏக்கர் குத்தகை நிலம், அதுவும் சிதம்பரத்தில் இருக்கும் யாருக்கோ சொந்தம். ஆனால் உள்ளே நுழையும்போது அவர் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தால் ஏழு தலைமுறைச் சொத்து என்று நினைக்கத் தோன்றும். மைத்துனன் சுப்புராயனுக்கு இதில் பெரிய கேலி. எங்க மாமா அக்காகிட்டப் பேசறதவிட கொடிகிட்டப் பேசறதுதான் ஜாஸ்தி என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். அவனுக்கும் பக்கத்திலேயே ஒரு கொடிக்கால் இருந்தது. டி.வி.எஸ். வண்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, செருப்போடு உள்ளே போய், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே இலை கிள்ளுகிற ஆள் அவன்.

அந்த அக்காதான் விருத்தாம்பாள். ஒல்லியான உடம்பு, ஓயாத கை. வெற்றிலையைக் கவுளிக் கட்டாக அடுக்கும்போது பேசிக்கொண்டே அடுக்குவாள், ஓர் இலை கூடாது, குறையாது. ஒரே மகள் சிந்துஜாவைக் குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர்தான். பகல் முழுக்கக் கொடிக்காலில் கிடந்தார்கள். பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு குறையும் இல்லை.

2005 மழையில் கொள்ளிடம் பெருகியது. படுகை முழுக்கத் தண்ணீர். திருநாவுக்கரசு சிதம்பரத்துக்கு இலைச் சுமையோடு போனவர், ரோடு அறுத்துக்கொண்டதால் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் விருத்தாம்பாள் தனியாக இருந்தாள். அவளுக்கு அது வீட்டுக்குத் தூரமான நாள். கொடிக்காலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் வெளியே நிற்பாள்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று வடிகாலை வெட்டிவிட்டாள். தண்ணீர் வடிந்தது. ஆனால் ஈரம் காயவில்லை. பத்துப் பதினைந்து நாளில் அடித்தண்டு கறுத்து, இலை மஞ்சளித்து, பாத்தி பாத்தியாகக் கொடி துவண்டு விழுந்தது. வேரழுகல். மழைக்குப் பின்னால் எல்லாக் கொடிக்காலுக்கும் வருகிற பூஞ்சண நோய்தான் அது, அந்த வருஷம் ஊரில் யாருக்கும் மிஞ்சவில்லை.

இது தெரிந்தும் திருநாவுக்கரசு ஒரு சொல் சொல்லிவிட்டார். காய்ந்த கொடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வயிற்றெரிச்சலில், அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"நீ கால வச்ச. அதான் அடியோட போச்சு."

விருத்தாம்பாள் பிடுங்கிய கொடியைக் குவியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அவர்தான் தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்துக் கெஞ்சினார். பசித்தபோது சாப்பிட்டாள். ஆனால் அந்தச் சொல்லை அவள் நம்பிவிட்டாள். அது அவருக்குத் தெரிந்துபோயிற்று. திருப்பி எடுத்துக்கொள்ள வழி தெரியவில்லை.

இரண்டு வருஷம் அந்த நிலத்தில் உளுந்தும் கீரையும் போட்டுக் காலத்தைத் தள்ளினார்கள். 2007 ஆவணியில் மறுபடி அகத்தி விதைத்து, அடுத்த தையில் விதைக்கொடி வாங்கிவந்து நட்டார்கள். இந்தத் தடவை விருத்தாம்பாளின் ஆசாரம் கட்டுமீறிப் போனது. தலைக்குக் குளித்து ஈரப்புடவையோடுதான் உள்ளே போவாள். சந்தேகமான நாளிலும் போக மாட்டாள். சுப்புராயன் செருப்போடு எட்டிப் பார்த்தால்கூடக் கத்துவாள். புருஷனிடம் அவள் சொல்லிக்காட்டியதே இல்லை. அதுதான் அவரை அரித்தது. இந்தக் கொடிக்கால் நின்றுவிட்டால் போதும், அந்தப் பழைய சொல் தானாகச் செத்துவிடும் என்று அவர் நினைத்தார். நிற்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்த ஆசையும் அவருக்கு அப்போது இல்லை.

கொடி நட்ட அந்த வருஷம் ஆவணியில்தான் ஜெயராணி ஊருக்குள் வந்தாள். கடலூர் செம்மண்டலத்துப் பெண், அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஏதோ ஒரு திட்டத்தில் தற்காலிக வேலை. பஸ்ஸில் வந்து இறங்கி, ஊர் ஊராக நடந்து, பயிருக்கு நன்மை செய்கிற நுண்ணுயிரைப் பற்றிப் பேசுவதும் பொட்டலம் கொடுப்பதும்தான் வேலை. மாரியம்மன் கோயில் வாசலில் பத்திருபது பேரை உட்காரவைத்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். வெள்ளை வெளேரென்ற மாவு. முகத்துக்குப் பூசலாமா என்று ஒரு பெண் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராணியும் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"இது மருந்து இல்லீங்க, உசுரு. மண்ணுல இருக்கிற நல்ல கிருமி. சூடோமோனாஸ்னு பேரு. வேரச் சுத்திக் குடி வந்துரும். அப்புறம் அழுக வைக்கிற பூஞ்சணம் வந்தா அதுக்கு எடம் குடுக்காது."

எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொன்னாள். வெல்லம் கரைத்த தண்ணீரில் மாவைக் கலந்து ஒரு ராத்திரி மூடிவைத்தால் கிருமி பெருகும். காலையில் வெயில் ஏறுவதற்குள் வேரடியில் ஊற்ற வேண்டும். அழுகலுக்கு வழக்கமாக ஊற்றுகிற மயில்துத்தக் கலவையை இனிமேல் அந்தப் பக்கமே கொண்டுவரக்கூடாது. அது நல்லதையும் கொன்றுவிடும். முக்கியமாக, பூச்சிமருந்து பட்ட பாத்திரம் எதிலும் இதைக் கலக்கக்கூடாது. சுத்தமான பாத்திரம் வேண்டும்.

மற்றவர்கள் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனார்கள். விருத்தாம்பாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உசுரு என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேட ஆரம்பித்தாள். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் வாளி, டிரம், குடம் எல்லாமே ஏதாவது ஒரு நாளில் மருந்து கண்டவை. மண்பானையில் முன்பு துத்தக் கலவைக்குச் சுண்ணாம்பு கரைத்திருந்தார்கள். அலுமினிய அண்டாவில் கறி வெந்திருக்கிறது, அதில் எப்படி? கடைசியில் பரணில் ஏறி ஒரு தவலையை இறக்கினாள். கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா சீராகக் கொடுத்த செப்புத் தவலை. பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் தண்ணீர் பிடித்துவைப்பதைத் தவிர வேறெதற்கும் எடுத்ததில்லை.

"கோயில்லயும் செம்புல வச்ச தண்ணியத்தான தீர்த்தம்னு குடுக்கறாங்க" என்றாள்.

திருநாவுக்கரசுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல யோசனை என்று வாய்விட்டே சொன்னார். அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அவளுக்கு முகம் மலர்ந்தது.

புளியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தவலை தகதகவென்று ஆகிற வரைக்கும் அவள் விடவில்லை. கழுத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். கொடிக்கால் கொட்டகையில் அதை வைத்து, வெல்லத் தண்ணீரில் மாவைக் கரைத்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டினாள். விடிந்ததும் இருவரும் குளித்துவிட்டு வந்தார்கள். அவர் தவலையைத் தூக்கிக்கொண்டு போக, அவள் சொம்பால் மொண்டு ஒவ்வொரு வேரடியிலும் ஊற்றினாள். ஒரு கொடி விடவில்லை. மாதம் ஒரு முறை ஊற்றினால் போதும் என்றிருந்தாள் ஜெயராணி. விருத்தாம்பாள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் முந்தைய நாள் சாயந்திரமே தவலையைப் புளி போட்டுத் தேய்த்துவைத்தாள்.

சுப்புராயனும் பொட்டலம் வாங்கியிருந்தான். வாங்கியவன் அதை மாட்டுத் தொட்டியில் கொட்டிக் குச்சியால் கலக்கினான். மாடு வாய் வைத்த சிமெண்ட் தொட்டி, அடியில் வைக்கோலும் தவிடும் ஊறிக் கிடந்தது. காலையில் அந்தக் குழம்பை வாளியில் மொண்டு, பீடி வாயில் இருக்கக் கொடிக்கு ஊற்றினான். இப்படி ஊற்றினால் சாமி கண்ணைக் குத்தும்டா என்று அக்கா திட்டினாள். சாமிக்கு வேற வேலயே இல்லையாக்கா என்றான் அவன்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மழை விட்டதும் திருநாவுக்கரசு ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து அடித்தண்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கிழக்கு ஓரத்தில் நாலைந்து கொடி கறுத்திருந்தது. அன்றைக்கே தவலையை நிரப்பினார்கள். அடுத்த வாரம் அந்தப் பாத்தி முழுக்கப் போனது. மறுபடி நிரப்பினார்கள். மார்கழி முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றாத குறைதான். அழுகல் பாத்தி பாத்தியாக மேற்கே நகர்ந்துகொண்டே வந்தது. ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருந்தது.

சுப்புராயன் கொடிக்காலில் ஒரு மூலை மட்டும் கருகி, அதோடு நின்றுவிட்டது. யாராலும் நம்ப முடியவில்லை. அவனாலேயே நம்ப முடியவில்லை. மேட்டு நிலம், அதான் தப்பித்தது என்று ஊர் சொன்னது. அவனுக்கு அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. தன்னிடம்தான் ஏதோ தோஷம் இருக்கிறது என்று விருத்தாம்பாள் முடிவு செய்துவிட்டாள். வாயால் சொல்லவில்லை. ஆனால் தவலையை இரண்டு தடவை தேய்க்க ஆரம்பித்தாள்.

தை மாதம் பொங்கல் கழிந்து ஜெயராணி வந்தாள். அப்போது மேற்கு ஓரத்தில் நாலு பாத்திதான் மிச்சம். அவை மட்டும் நல்ல பச்சையாக, துளிர் விட்டுக்கொண்டு நின்றன. விருத்தாம்பாள் அந்தப் பாத்தியில் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயராணிக்கு முகம் செத்துப்போயிற்று. மாவை ஒழுங்காகக் கலந்தீர்களா என்று கேட்டாள். இந்தக் கேள்வி திருநாவுக்கரசுக்குச் சுருக்கென்று தைத்தது. நாங்களா ஒழுங்காகச் செய்யவில்லை என்று கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய், நாளைக்காக ஊறிக்கொண்டிருந்த தவலையைத் துணி விலக்கிக் காட்டினார்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஐயா, இது செம்புங்களா?"

"சுத்தமான செம்பு. இவ அப்பாரு குடுத்தது."

"மொதல்லேர்ந்து இதுலதான் கலக்கறீங்களா? ராத்திரி பூரா இதுலதான் ஊறுமா?"

"இதுலதான். தெனம் புளி போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் ஊத்துவா."

ஜெயராணி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தணிந்த குரலில், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் துத்தம் வேணாம்னு சொன்னன்ல. துத்தம் செம்புலேர்ந்து செய்யறதுதாங்க. செம்புல வச்ச தண்ணி ஏன் கெட்டுப்போறதில்ல? அதுல இருக்கிற கிருமி செத்துப்போவுது. அது நல்ல கிருமி கெட்ட கிருமின்னு பாக்காது. புளி போட்டுத் தேய்ச்சா இன்னும் வேகமாக் கொல்லும். நீங்க இவ்ளோ நாளா வெறும் வெல்லத் தண்ணியத்தான் ஊத்தியிருக்கீங்க. நான்தான் செம்பு கூடாதுன்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல. இந்த மாதிரி யாரும் செம்புல கலக்கி நான் பாத்ததில்ல."

திருநாவுக்கரசு முதலில் தவலையைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்கு வெளியே பார்த்தார். நாலு பாத்திக்கு நடுவில் விருத்தாம்பாள் ஈரப்புடவையோடு குனிந்து கோரையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கொடிக்கால் போனது அப்போது தோன்றவில்லை. இதை இவளிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் தோன்றியது. செய்யாத தப்புக்கு அவர் ஒரு தடவை சொல்லியாயிற்று. அதை அவள் மூன்று வருஷமாகச் சுமக்கிறாள். இப்போது நிஜமாகவே அவள் கையால்தான், அவள் பக்தியால்தான் போயிருக்கிறது என்று சொன்னால் இவள் என்ன ஆவாள்?

"அவகிட்ட சொல்லாதம்மா" என்றார்.

இருக்கிற நாலு பாத்தியையாவது காப்பாற்றலாம், வேறு பாத்திரத்தில் கலக்குங்கள் என்றாள் ஜெயராணி. தான் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். ஊரில் வேறு யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம், எப்படியும் இவள் காதுக்கு வந்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்துமூன்றோ நாலோ. அப்பா வயசுக்காரர் கும்பிட்டதும் தலையாட்டிவிட்டாள்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே சிதம்பரம் போய்ப் புது பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கிவந்தார். தவலை கனமாக இருக்கிறது, தூக்க முடியவில்லை என்றார். நான் தூக்கறேன் என்றாள் விருத்தாம்பாள். வாளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனது. அடுத்து, அவளுக்குத் தெரியாமல் விடியற்காலையில் எழுந்துபோய் ஒரு புது மண்சட்டியில் மாவைக் கலந்துகொண்டிருந்தார். அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். என் கை பட்ட பாத்திரம் வேணாம்னு தோணிடுச்சா என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் பதறிப்போய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். இல்லடி, ஏதோ தோணுச்சு என்று உளறினார். மூன்றாவதாக, இந்த மாவே ஏமாற்று வேலை, விட்டுத்தொலை என்று ஒரு நாள் சத்தம் போட்டுப் பார்த்தார். நீங்க நம்பாட்டி போங்க, நான் ஊத்தறேன் என்று அவள் தனியாகத் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவர் ஓடிப்போய்த் தவலையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு முயற்சி செய்யவில்லை. பழையபடி அவர் தூக்கிக்கொண்டு நின்றார், அவள் மொண்டு ஊற்றினாள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். செத்த தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு வேராக நின்று நின்று போனார். வாய் வரைக்கும் வரும். அவள் நிமிர்ந்து, அந்தக் கொடிக்கும் ஊத்தணும் வாங்க என்பாள். வாய் மூடிக்கொள்ளும். பங்குனி வெயிலில் முதல் பாத்தி துவண்டது. சித்திரை முடிவதற்குள் நாலும் போய்விட்டன.

ஊர் தன் தீர்ப்பைச் சொன்னது. திருநாவுக்கரசும் விருத்தாம்பாளும் அத்தனை சுத்தபத்தமாக ஊற்றியே நிற்கவில்லை என்றால் அந்த மாவு எதற்கு ஆகும் என்றார்கள். மிச்சமிருந்த பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிட்டு எல்லோரும் மயில்துத்தத்துக்குத் திரும்பினார்கள். ஜெயராணியின் திட்டம் வேறு ஊருக்குப் போனது. போகும்போது ஒரு தடவை வந்து வாசலில் நின்றாள். விருத்தாம்பாள் அவளுக்கு மோர் கொடுத்து, நீ என்னம்மா பண்ணுவ, எங்க நேரம் என்றாள். அந்தப் பெண் மோரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நிலத்தைச் சொந்தக்காரரிடம் விட்டார்கள். அவர் வாழை போட்டார். திருநாவுக்கரசு தெரிந்த ஒரு காண்டிராக்டர் மூலமாகச் சிப்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் பூட்ஸ் மாட்டியபோது கால் கூசியது என்று மகளிடம் போனில் சொன்னார். வெறுங்காலாக மண்ணில் நடந்தே தேய்ந்த கால். ஆசிட் நெடியில் முதல் ஆறு மாதம் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கூட இருந்த வாட்ச்மேன் வெற்றிலை போடுகிறவன். ஆள் நல்லவன்தான், மடித்து நீட்டுவான். இவர் வாங்கிக்கொண்டதே இல்லை.

சனிக்கிழமை தோறும் ஊருக்கு வருவார். விருத்தாம்பாள் கூலிக்குப் பிறர் கொடிக்காலில் இலை கிள்ளப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு விஷயத்தை அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: தன்னுடைய தவலையில் கலந்து ஊற்றியதால்தான் கடைசி நாலு பாத்தி சித்திரை வரைக்கும் தாங்கியது, இல்லாவிட்டால் மார்கழியிலேயே எல்லாம் போயிருக்கும். அது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய ஆறுதல். அவர் பக்கத்தில் இருந்தால், இல்லைங்களா என்று கேட்பாள். ஆமாம் என்பார். மூன்று வருஷம் ஆமாம் என்று சொன்னார்.

2011 கடைசியில் தானே புயல் வந்து கடலூர்ப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. சுப்புராயனின் அகத்தியெல்லாம் வேரோடு சாய்ந்து, கொடிக்கால் தரைமட்டமானது. அவனும் கொஞ்ச நாள் உட்கார்ந்து அழுதான். பிறகு நிலத்தைத் திருத்தி மறுபடி அகத்தி போட்டான். 2012 ஆடியில் புதுக்கொடி ஏறியிருந்தது. மழைக்கு முன்னால் அந்த மாவை ஊற்றிவிடலாம் என்று சிதம்பரத்தில் ஒரு கடையில் வாங்கிவைத்திருந்தான். ஊரில் அதை இன்னும் நம்புகிறவன் அவன் ஒருவன்தான். கடன் உடன் வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருநாவுக்கரசு வீட்டில் இருந்தார். சுப்புராயன் வந்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. விருத்தாம்பாளே உள்ளே போய்த் தவலையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். அன்றைக்குத்தான் தேய்த்திருந்தாள்.

"இந்தாடா. போன தடவ மாட்டுத் தொட்டியில கலக்கிட்டு ஒரு மூலைய உட்ட. இதுல கலக்கு, ஒரு கொடி போவாது. எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல, நீயாவது வச்சுக்க."

சுப்புராயன் கேலி பேசவில்லை. கஷ்டம் அவனையும் மாற்றியிருந்தது. தவலையை இரண்டு கையாலும் வாங்கி, வண்டியின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினான். திருநாவுக்கரசு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பேசாமல் இருந்தால் போதும். வண்டி போய்விடும். இந்தக் கொடிக்காலும் போய்விடும்.

"மச்சான், அத எறக்கு" என்றார்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவரால் அவனைப் பார்க்கவும் முடியவில்லை, அவளைப் பார்க்கவும் முடியவில்லை. வாசல் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். செம்பு அந்தக் கிருமியைக் கொன்றுவிடும் என்று சொன்னார். துத்தமும் அதுவும் ஒன்று என்று சொன்னார். நாம் ஊற்றியதெல்லாம் வெறும் தண்ணீர், நீ உன் மாட்டுத் தொட்டியிலேயே கலக்கு என்று சொன்னார். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்தவர் போல மளமளவென்று சொல்லி முடித்தார்.

சுப்புராயன் கயிற்றை அவிழ்த்துத் தவலையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். அக்காவைப் பார்த்தான். விருத்தாம்பாள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இலை எண்ணும்போது எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணு. ஜெயராணி."

"எப்ப?"

அவர் சட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவள் மறுபடி கேட்டாள்.

"பொங்கல் கழிஞ்சு வந்தாள்ல. அப்ப" என்றார். பிறகு, அவசரமாக, "சொன்னா நீ தாங்க மாட்டன்னுதான்" என்றார்.

"தையில நாலு பாத்தி பச்சையா நின்னுச்சு" என்றாள் விருத்தாம்பாள். "நான் தாங்கறது தாங்காதது இருக்கட்டும். அது பொழச்சிருக்கும்."

சுப்புராயன் வண்டியை உதைத்துக் கிளப்பாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். திருநாவுக்கரசு சட்டையை மாட்டிக்கொண்டு, சாயந்திரம் போக வேண்டிய கடலூர் பஸ்ஸுக்குக் காலையிலேயே கிளம்பினார். அவள் நிறுத்தவில்லை.